சீமைக்குப் போன எக்ஸ்ரே டாக்டர்

(புளியங்குடியில் ஆற்றிய உரை)



எலுமிச்சை மூட்டை சுமப்பவருக்கும், மில்லில் நூல் நூற்பவருக்கும், வயலில் நாற்று நடுபவருக்கும் எக்ஸ்ரே டாக்டரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பேச்சு இருக்கிறது, தோழர்களே.

1895-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அதற்குக் காப்புரிமை வாங்க மறுத்து, உலகத்துக்கே பொதுவாக விட்டுவிட்டார். ஆனால் மெஷின் மட்டும் இருந்தால் போதுமா? படத்தை வாசிக்கத் தெரிந்த டாக்டர் வேண்டும்.

உதாரணம் சொல்கிறேன். காச நோயின் நிழல் படத்தில் விழும். பஞ்சுத் தூசியால் மில் தொழிலாளிக்கு வருகிற நெஞ்சிறுக்கமோ பெரும்பாலும் படத்தில் தெரியாது. "படம் சுத்தமாக இருக்கிறது, உனக்கு நோயே இல்லை" என்று கூறிவிட்டால் அவர் கதி என்ன? லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று மூச்சு முட்டுகிறதா என்று விசாரித்து, மூச்சளவு எடுக்கச் சொல்ல விஷயம் தெரிந்த டாக்டர் வேண்டும்.

அத்தகைய டாக்டர்கள் இங்கிலாந்துக்கும் தேவைப்படுகிறார்கள். அங்கே தேவையில் நூற்றுக்கு 30 பேர் குறைவு என்று 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் ராயல் காலேஜ் ஆப் ரேடியாலஜிஸ்ட்ஸ் கூறியது. அந்தக் குறையை நிரப்ப நம்மைப் போன்ற நாடுகளில் பயின்றவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சர்க்கார் கல்லூரியில் அவர்களைப் படிக்க வைத்தது யார் பணம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கொடுக்கிற ஜனங்களின் பணம். விதைத்தது நாம்; அறுவடை சீமையில்!

அதற்காகப் போன டாக்டரை ஏசுவது சரியல்ல. அவரும் உழைத்துச் சம்பளம் வாங்குகிறவர்தான். 2015 முதல் வெளிநாட்டாரிடம் விசாவோடு வைத்தியக் கட்டணம் என்று தனியே வசூலித்தார்கள். வருமான வரியும் கட்டி, தாம் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே தண்டமும் கட்டினார் டாக்டர். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே, 2020-ல் சுகாதார ஊழியர்களுக்கு விலக்குக் கிடைத்தது.

அந்தப் பொது மருத்துவ சேவை எப்படி வந்தது? வேல்ஸ் நாட்டில் டிரெடிகர் என்ற ஊரில் தொழிலாளர்கள் கூலியிலிருந்து காசு ஒதுக்கி வைத்தியச் சங்கம் நடத்தினார்கள். அதே ஊரில் 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர் அனூரின் பெவன். அவர் மந்திரியானதும், 1948 ஜூலை 5 முதல் நாட்டு மக்கள் அனைவருக்கும் அத்தகைய வைத்தியம் கிடைக்க வழி செய்தார். பிற்காலத்தில் அந்தச் சுரங்க ஊர்களிலேயே பல இந்திய டாக்டர்கள் தங்கி ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள்.

அதே 1948-ல்தான் இங்கே இ.எஸ்.ஐ. சட்டமும் வந்தது. பஞ்சுத் தூசி நோய் அதன் தொழில் நோய்ப் பட்டியலில் இருந்தது. ஆனால் வயலில் பாடுபடுகிற விவசாயத் தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. அங்கே எல்லோருக்கும் கதவு திறந்தது. இங்கே ஒரு பகுதியினருக்குத்தான் திறந்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது என்ன? சர்க்கார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டாக்டர் வேலைகளை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். டாக்டர் இல்லாத ஊரில் எடுத்த படத்தை இன்று நொடியில் வெளியூர் டாக்டருக்கு அனுப்ப முடியும். ஆகையால் அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை டாக்டராக வேண்டும். படித்தபின் இங்கேயே இருக்கத் தக்க சம்பளமும் வசதியும் கொடுக்க வேண்டும்.

மில் தொழிலாளி தன் இ.எஸ்.ஐ. கார்டோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. வயல்காட்டுத் தோழனுக்கும் அந்தக் கதவு திறக்கும்வரை இருவரும் சேர்ந்தே தட்ட வேண்டும்.