சத்தம் வரலைன்னா எல்லாம் சரியா?



நம்ம டோல்கேட்டிலிருந்து வடக்கே போனால் எண்ணூர். 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். குழாயில் அழுத்தம் குறைவது ஒரு வன்பொருள் நிகழ்வு. உணர்கருவிக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. எச்சரிக்கை காட்டுகிற புரோகிராமுக்கும் அது ஒழுங்காகப் போய்ச் சேரணும். அதற்கு மூன்று விதிகள் சொல்கிறேன்.

ஒன்று, புரோகிராம் கருவியை நேரே தொடக் கூடாது. கெர்னல் செய்தியை வாங்கி, நேரம் குறித்து, வரிசையில் வைக்கணும். புரோகிராம் அதைப் படித்துக்கொள்ளணும்.

இரண்டு, தவறியதை மறைக்கக் கூடாது. லினக்ஸின் யுஐஓ இடைமுகத்தைப் படித்தால், இதுவரை வந்த இன்டரப்ட்டுகளின் எண்ணிக்கை கிடைக்கும். போன தடவை 41, இப்போ 44 என்றால், இடையில் இரண்டு தவறியது தெரிந்துவிடும். உடனே கருவியின் இப்போதைய நிலையைக் கேட்டுச் சரிபார்க்கலாம்.

மூன்று, சொன்னது யார் என்று பார்க்கணும். 2009இல் லினக்ஸின் யூடெவ் புரோகிராமில் ஒரு ஓட்டை வெளிவந்தது. செய்தி கெர்னலிடமிருந்துதான் வந்ததா என்று அது பார்க்கவில்லை. சாதாரணப் பயனர் பொய்ச் செய்தி அனுப்பி, ரூட் அதிகாரத்தையே பிடிக்க முடிந்தது.

தம்பிகளா, கம்பி அறுந்தாலும் மௌனம்தான். மௌனத்தை 'எல்லாம் நலம்' என்று எடுத்துக்காதீங்க. உணர்கருவி உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி கேளுங்க. பதில் வராவிட்டால் 'நிலைமை தெரியவில்லை' என்று திரையில் காட்டுங்க. அந்தத் திரையை நம்பித் தூங்குகிற குப்பங்கள் இங்கே இருக்கு.