கடைசி நாட்களில் உடன் இருப்பவர்களுக்கு

வீட்டில் ஒருவர் நோய் முற்றிப் படுத்திருக்கிறார். “இனி குணப்படுத்த வழியில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்னென்ன நடக்கும் என்பதைப் பல குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை. தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் குறைவது சாப்பாடு. மகள் கரண்டியில் கஞ்சியை வாயருகே கொண்டுபோவார். அப்பா உதட்டை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ‘பட்டினி போட்டே கொல்கிறோமே’ என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்தக் குற்ற உணர்ச்சி வேண்டாம். உடல் ஓய்ந்து வருவதால் பசியே எடுப்பதில்லை. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி, உணவு நுரையீரலுக்குள் போகும். விழுங்க முடியாதவர் வாயில் பால் ஊற்றுவதிலும் இதே ஆபத்து உண்டு. மனம் கேட்கவில்லையென்றால், பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றுங்கள், போதும். வாய் காய்ந்துபோகாமல் ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிடுங்கள்.

அடுத்து, தூக்கம் கூடும். சிறுநீர் குறைந்து நிறம் அடர்த்தியாகும். கை, கால் சில்லிட்டு, முழங்காலிலும் பாதத்திலும் ஊதாத் திட்டுகள் தெரியலாம். மெல்லிய போர்வை போதும். வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்துபோகும். சிலர் போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுப்பார்கள், எப்போதோ இறந்துபோன அம்மாவைக் கூப்பிடுவார்கள். “அம்மா இங்கே இல்லையே” என்று வாதாட வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். தவிப்பு அதிகமானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

குடும்பத்தார் அதிகம் பயப்படுவது மூச்சைக் கண்டுதான். வேகமாக நாலைந்து மூச்சு, பிறகு சில வினாடிகள் ஒன்றும் இருக்காது, மறுபடி மூச்சு வரும். தொண்டையில் கரகரவென்று சத்தமும் கேட்கலாம். விழுங்க முடியாத எச்சிலும் சளியும் தேங்குவதால் வரும் சத்தம் அது. நினைவிழந்த நிலையில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் வேதனை தருவதில்லை. கேட்கும் நமக்குத்தான் தாங்க முடிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்று உயர்த்துங்கள்.

வலி மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றல்ல. முனகினாலோ, புரட்டும்போது முகம் சுளித்தாலோ வலி இருக்கலாம். கடுமையான வலிக்கு மார்ஃபின் நல்ல மருந்து. ‘அது கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்’ என்பது தவறான பயம். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரைப் பறிப்பதில்லை, வலியைத்தான் குறைக்கிறது. அது தேவைப்படுவோருக்கு எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது.

பேச்சு நின்றபிறகும் பேசுங்கள். மரணத்தை நெருங்கி நினைவிழந்திருந்த சிலரின் மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியதைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020-இல் பதிவு செய்தது. ஆகவே சொத்துச் சண்டையும் சடங்குச் செலவும் அந்த அறையில் வேண்டாம். பேரன் பேத்தி வந்து “தாத்தா” என்று கூப்பிடட்டும்.

இத்தனையையும் குடும்பம் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது, வலி கூடினால் எந்த மருந்து என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கடைசி நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க வேண்டுமா, சொந்த வீட்டிலா என்பது நோயாளியின் விருப்பம். அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே, தயங்காமல் அவரிடமே கேட்டுவிடுங்கள்.