எங்கள் கரைக்கு வந்த கவிஞரே, வருக!

(நம் பங்குப் பள்ளியின் வாசகர் வட்டத்திற்குக் கவிஞர் ஒருவர் வருகை தந்தபோது, வட்டத்தின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற வரவேற்புரை)

 

விருந்தினரின் பெருமைகளை அடுக்கிச் சொல்வது மேடை வழக்கம். அதைச் சுருக்கிக்கொள்ளும்படி அம்மையார் அவர்கள் எங்களிடம் முன்னதாகவே கேட்டுக்கொண்டார்கள். ஆகவே, அவர்களை ஏன் அழைத்தோம் என்பதை மட்டும் சொல்ல விழைகிறோம்.

எங்கள் வட்டம் வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் கூடுகிறது. விதிகள் இரண்டே. எடுத்த நூலை முழுவதும் படிக்கவேண்டும். படித்ததைச் சொந்தச் சொற்களில் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். இரண்டாவது விதியில்தான் பிள்ளைகள் தயங்குகிறார்கள். படிக்கத் தெரிகிறது, பொருளும் விளங்குகிறது. ஆனால், எழுந்து நின்றதும் வீட்டில் பேசும் சொல் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. பாடநூலில் இல்லாத சொல், ஆகவே பள்ளியில் சொல்லத்தகாத சொல் என்று எண்ணிவிடுகிறார்கள்.

நாம் முத்துக்குளித்துறையில் வாழ்கிறவர்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்திருக்கிறோம். கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டைப் பார் என்கிறோம். நீரோட்டத்தை நீவாடு என்கிறோம். இவற்றைக் கொச்சை என்று யார் சொல்ல முடியும்? வாடையும் கொண்டலும் சங்கப் பாடல்களிலேயே பயின்றுவரும் சொற்கள் அல்லவா?

சென்ற ஆண்டு எங்கள் வட்டத்து மாணவி ஒருத்தி, கடலுக்குப் போன தகப்பனார் இரவெல்லாம் திரும்பாத நிகழ்ச்சியை எழுதிக் கொண்டுவந்தாள். 'காற்றுப் பலமாக வீசியது' என்று எழுதியிருந்தாள். எந்தக் காற்று என்று கேட்டோம். கச்சான் என்றாள். அதை ஏன் எழுதவில்லை என்றதற்கு, "அதையெல்லாம் எழுதலாமா?" என்று திருப்பிக் கேட்டாள். கச்சான் மேற்கிலிருந்து வருவது; நம் கரையில் அது படகைக் கடலுக்குள் தள்ளும் காற்று. தகப்பனார் ஏன் கரை சேரவில்லை, வீட்டில் ஏன் விளக்கு அணையவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அவர் மறுநாள் நலமாகத் திரும்பினார். ஆனால், மகளின் கேள்வி எங்களிடமே நின்றுவிட்டது. அம்மையாரை அழைக்கத் தூண்டியது அக்கேள்வியே.

நம் கரையின் வரலாறு அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. போர்ச்சுக்கல் நாட்டினரான அண்டிரிக் அடிகளார் இக்கரை மக்களோடு வாழ்ந்து தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழி ஒன்றன் எழுத்தில் இந்தியாவில் அச்சாகி, இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் முதலாவது, 16 பக்கங்களே கொண்ட அச்சிறு நூல்தான். முப்பது வயது கடந்தபின் தமிழ் கற்றுத் தேம்பாவணியில் 3,615 பாடல்கள் பாடிய வீரமாமுனிவர், செந்தமிழோடு நிற்கவில்லை. மக்கள் பேசும் தமிழுக்கும் இலத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று.

பிற்காலத்திலும் சான்றுகள் உண்டு. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நம் போன்ற மீனவக் கிறிஸ்தவ மக்களின் வாழ்வைச் சொல்லும் நாவல். உவரியில் பிறந்த ஜோ டி குருஸ், 2004இல் வெளிவந்த 'ஆழி சூழ் உலகு' நாவலில் நம் பேச்சையே எழுத்தாக்கினார். அவருடைய 'கொற்கை' நாவல் 2013ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எழுதலாமா என்று கேட்ட பிள்ளைக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

தேர்வுத்தாளுக்கும் அலுவலகத்துக்கு எழுதும் மனுவுக்கும் நூல்வழக்கு வேண்டும். அதை நாங்கள் விட்டுவிடப் போவதில்லை. ஆனால், நூல்வழக்கு கற்கும் பிள்ளை தாய்வீட்டுச் சொல்லுக்கு நாணவேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

கவிஞர் அவர்களே! பிள்ளைகள் தங்கள் கவிதைகளை ஊன்றிப் படித்திருக்கிறார்கள். கேள்விகளும் தொகுத்து வைத்திருக்கிறார்கள். தங்களிடம் நாங்கள் வேண்டுவன மூன்று. அடித்துத் திருத்திய கையெழுத்துப் படி ஒன்றைக் காட்டுங்கள். எழுத்து வரம் மட்டுமன்று, உழைப்பும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். வீட்டுச் சொல்லை எங்கே வைப்பது, எங்கே தவிர்ப்பது என்று சொல்லிக்கொடுங்கள். இன்று அவர்கள் வாசிக்கப்போவதைப் பாராட்டுவதோடு நில்லாமல், குறையிருந்தால் தயங்காமல் எடுத்துக்காட்டுங்கள்.

பெற்றோர்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் நூலலமாரியில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. காற்று, வலை, மீன், பாய்மரம் பற்றி நம் ஊரில் வழங்கும் சொற்களைப் பிள்ளைகள் அதில் எழுதி வருகிறார்கள். இயந்திரப் படகுகள் வந்தபின், பாய்மரத் தொழிலின் சொற்கள் பல நம் பாட்டன்மார்களோடு மறைந்து வருகின்றன. களைத்து வந்து அமரும் நேரத்தில் பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், பாடத்தைப் படி என்று விரட்டிவிடாதீர்கள். அதுவும் பாடமே. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அக்குறிப்பேட்டிற்கு ஆசிரியைதான்.

பொன்னாடை போர்த்த எங்களிடம் வசதியில்லை. பிள்ளைகள் தம் கையால் எழுதித் தைத்த அந்தக் குறிப்பேட்டின் படி ஒன்றைத் தங்கள் திருக்கரத்தில் அளிக்கிறோம். கவிஞர் அம்மையார் அவர்களே, வருக, வருக என்று பங்கு மக்கள் அனைவரின் சார்பிலும் வரவேற்று அமைகிறோம்.