பொறியும் மொழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீடுதோறும் புதுப்புதுப் பொறிகள் வந்து குவியும் இந்நாளில், அவற்றால் நம் மொழி வளருமா, தேயுமா என்பது பலர் உள்ளத்திலும் எழும் வினா. இவ்வினாவை ஆராய்தற்கு மைசூரைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

இங்கே மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கியவர் எம். வி. கோபாலசாமி அவர்கள். இலண்டன் சென்று பயின்று திரும்பியவர். அவர் 1935-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை நிறுவினார். அந்நிலையத்திற்கு வாய்த்த பெயரே 'ஆகாசவாணி'. பின்னர் மைசூர் அரசு அதனை ஏற்று நடத்தியது. 1955-இல் நிலையம் பெங்களூருக்குப் பெயர்ந்தது. 1974-இல் மைசூரில் மீண்டும் ஒன்று எழுந்தது. இதற்கிடையே, 1950-களின் பிற்பகுதியில், மைசூரில் வழங்கிய அப்பெயரையே நாட்டு வானொலி முழுவதற்கும் இந்திய அரசு மேற்கொண்டது. மேனாட்டுப் பொறி வந்ததோடு நில்லாமல், ஊரார் நாவில் வழங்கத்தக்க ஒரு பெயரும் அதற்கு வாய்த்தமையே நாம் கருதத்தக்கது.

தமிழர்களாகிய நாம் அப்பொறியை 'வானொலி' என்றோம். 2023 மே மாதத்தில் எங்கும் ஆகாசவாணி என்னும் பெயரே வழங்கவேண்டும் என்று ஆணை பிறந்தபோது தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்ததை அறிவீர்கள். ஒரு சொல்லுக்கா இத்துணை ஆரவாரம் என்று வியந்தோரும் உண்டு. ஆயின், பெயரை விடாது பற்றுதல் வீண்பிடிவாதம் அன்று. கடல் கடந்த இலண்டனிலேயே பி.பி.சி. நிறுவனத்தின் தமிழ் ஒலிபரப்பு 1941-இல் தொடங்கிற்று. அது 'தமிழோசை' என்னும் அழகிய பெயரோடு பல்லாண்டு ஒலித்து, 2017 ஏப்ரல் இறுதியில் வானொலியினின்று ஓய்ந்தது. ஒலி நின்றபின்னும் அப்பெயர் நேயர் நெஞ்சில் நிற்கின்றதன்றோ?

இன்னொன்று கூறுவேன். கன்னடத்தில் ஆகாசவாணியோடு 'பானுலி' என்னும் சொல்லும் உண்டு. 'பான்' என்பது வான்; 'உலி' என்பது ஒலி. நம் வானொலியும் அவர்கள் பானுலியும் உடன்பிறந்த சொற்கள்! அதுபோலவே நாம் 'மின்னஞ்சல்' என்பதை அவர்கள் 'மிஞ்சஞ்சே' என்கின்றனர். மின்னலையும் அஞ்சலையும் இணைத்து இரு மொழியினரும் ஒரே வழியில் சொல் படைத்தனர். கன்னட மண்ணில் வாழும் நமக்கு இதனினும் இனிய செய்தி உண்டோ? அண்டை மொழியைக் கற்பதால் நம் மொழி குன்றாது. அதன் வேர்களே நமக்கு விளங்கும்.

இனி, வீட்டில் 'மிக்ஸி', 'ஃபிரிஜ்', 'போன்' என்று பேசுகிறோமே, இதனால் தமிழ் அழியாதா என்று சிலர் அஞ்சுவர். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகியன போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொற்கள். அவை வந்ததனால் தமிழ் மாய்ந்துவிடவில்லை. நல்ல தமிழ்ச் சொல் கிடைக்குமிடத்து அதனை வழங்குவோம். கிடையாவிடத்து வந்த சொல்லைக் கடிந்து பயனில்லை.

எனக்குள்ள கவலை சொல்லைப் பற்றியது அன்று, எழுத்தைப் பற்றியது. நம் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழில்தான் பேசுகின்றனர். எழுதும்போதோ ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். சேலத்திலோ தஞ்சையிலோ இருக்கும் பாட்டியார் தமிழ் நன்கு படிப்பவர். ஆங்கில எழுத்து அறியாதவர். பேரன் எழுதிய அன்பு மொழி அவருக்கு வெறுங்கோடுகளாகத் தோன்றுகின்றது. அவர் தமிழில் எழுதிய மறுமொழியைப் பேரனால் படிக்க இயலவில்லை. இருவரும் தமிழரே, இடையில் நிற்பது எழுத்தறியாமை ஒன்றே. இந்நிலை நீடிக்குமாயின், பாட்டனார் பெட்டியில் வைத்துச் சென்ற கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கும் தலைமுறை ஒன்று நம் வீட்டிலேயே தோன்றும்.

இதற்குப் பொறியைப் பழித்தல் முறையாகாது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழும் கன்னடமும் இடம் பெற்றன. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. இன்று கைப்பேசியில் தமிழ் எழுதப் பொருட்செலவும் இல்லை. பொறி தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சியது நம் கடமை.

அது கடினமும் அன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் கற்கின்றனர். அ, ஆ, இ, ஈ என்னும் வரிசையும், எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் கன்னடத்திலும் உண்டு. தமிழில் உயிர் 12, மெய் 18, கன்னடத்தைவிடக் குறைவு. மிகுதியைக் கற்ற பிள்ளைக்குக் குறைந்ததைக் கற்றல் அரிதோ?

ஆதலால் இவ்வாண்டிற்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை அமையுங்கள். ஞாயிறுதோறும் பிள்ளை தன் கையாலேயே ஊரிலுள்ள பெரியவர்க்கு நான்கு வரி தமிழில் எழுதட்டும். பிழை மலிந்திருப்பினும் ஏளனம் செய்யாதீர்கள். ஏளனத்துக்கு அஞ்சியே பல பிள்ளைகள் எழுத்தை விட்டனர். கற்பிக்க வல்ல பெரியோர் வாரம் ஒரு மணி நேரம் சங்கத்துக்கு அளியுங்கள்.

ஒரு பேராசிரியர் தம் வீட்டிலேயே அமைத்த நிலையத்தின் பெயர் நாட்டு வானொலிக்கே பெயரான ஊரில் வாழ்கின்றோம். நம் வீட்டுப் பிள்ளைக்கு 30 எழுத்தைத் தர நம்மால் இயலாதா? இயலும்.