பெண் பிறந்தால் யார் பொறுப்பு?

(பெருமுக்கலில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் நடக்கும் சங்கதி உங்களுக்குத் தெரியாததல்ல. பெற்றவளுக்கு மாமியார் கஷாயம் கொடுக்குமுன்னே வசவு கொடுக்கிறாள். புருஷனுக்கு இரண்டாந்தாரம் பேச ஆள் கிளம்பிவிடுகிறது. ஏன்? ஆண் பிள்ளை இல்லாதவன் 'புத்' என்னும் நரகத்திற்குப் போவானென்று சாஸ்திரம் எழுதிவைத்திருக்கிறதாம்!

ஆனால், ஆணா பெண்ணா என்பது எங்கே முடிவாகிறது? நம் உடம்பின் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம் என்னும் இழைகள் 23 ஜோடியாய் இருக்கின்றன. அவற்றில் ஒரு ஜோடி பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். ஆகவே தாயின் கருமுட்டை எக்ஸைத்தான் கொண்டுவரும். தகப்பன் விந்தில்தான் பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் சேர்ந்தால் பெண். ஒய் சேர்ந்தால் ஆண். நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1905-இல் ஒரு வண்டினத்தை ஆராய்ந்து இந்த வழியைக் கண்டார். ஒய் இழையின் எந்தத் துணுக்கு ஆணாக்குகிறது என்பதை 1990-இல் லண்டன் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

பெண்ணை நிலமென்றும் ஆணை விதையென்றும் சொன்னது மனு. நாம் அதை ஒப்பவில்லை. பிள்ளைக்குப் பாதி தாய் தருவது. என்றாலும் அவர்கள் கணக்குப்படியே கேட்கிறோம்: மல்லாட்டை விதைத்தவன் கம்பு முளைக்கவில்லையென்று நிலத்தை உதைப்பானா? அதற்காகப் புருஷனை உதைக்கச் சொல்லவில்லை. எந்த விந்து முந்தும் என்பது அவன் கையிலும் இல்லை.

ஆண் பிள்ளைக்காக மூன்றாம் மாதத்தில் 'பும்ஸவனம்' என்று மந்திரம் ஓதுகிறார்கள். கருத்தரித்தபோதே இழை சேர்ந்தாயிற்று. அப்புறம் மந்திரம் எதை மாற்றும்? தட்சிணை இருக்கும் மடியை மாத்திரம் மாற்றும்!

இன்னொன்று. எக்ஸ், ஒய் இருந்தும், உடம்பு ஆண் சுரப்பை ஏற்காததால் பெண்ணாகவே பிறந்து வளருகிறவர்களும் உண்டு. அது பாவமுமல்ல, மோசடியுமல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். பால் சோதனையின் பேரால் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். இடைப்பால் குழந்தைகளை அறுத்து ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்குவதைத் தடுக்கும்படி 2019-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லிற்று. அவ்வாண்டே தமிழ்நாடு அரசும், உயிராபத்துக்கு மட்டும் விலக்களித்து, தடுத்தது.

தோழர்களே! கருவில் பால் பார்த்துச் சொல்வதை 1994-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஸ்கேன் அறை வாசல்வரை வரும், அடுப்பங்கரைக்கு வராது. அங்கே நீங்கள்தான் போகவேண்டும். பெண் பெற்றவளை ஏசும் வீட்டில் வாய் திறந்து கேளுங்கள்: "ஒய் இழை அவளிடம் ஏது?"