வாவிக்கரையில் பதின்மூன்றாம் போர்

இன்று உங்களைக் குருசேத்திரத்துக்கு அழைத்துப்போகிறேன். அதற்கு வடநாடு போக வேண்டியதில்லை. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் என்னோடு வந்து நில்லுங்கள், போதும்.

கீழே ஓடுவது வாவி. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்துக்கு எழுவான்கரை என்று பெயர். சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் காடுமாகப் பரந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் படும் பக்கம். இங்கே ஒருவரிடம் ஊர் கேட்டால், முதலில் எந்தக் கரை என்றுதான் சொல்வார்.

பாலத்துக்கு மேற்கே புளியந்தீவில் ஒரு கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. பத்து ஆண்டு கழித்து, 1638 மே 18ஆம் திகதி, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதல் கோட்டை இதுதான். பீரங்கி முழங்கிய போர், ஒரு தீவின் தலைவிதியையே மாற்றிய போர். ஆனாலும் அதைப் பாடுகிற கூத்து எதையும் இந்தக் கரைகளில் நான் கேட்டதில்லை. இங்கே இரவிரவாகப் பாடப்படுவது பாரதப் போர்.

வாருங்கள், தெற்கே கல்முனை வீதியில் போவோம். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருகின்றன. மருதமுனையில் கைத்தறி ஓசை கேட்கும். சேலையும் சாரமும் நெய்வதில் பேர்போன முஸ்லிம் ஊர் அது. அதைத் தாண்டியதும் பாண்டிருப்பு.

பாண்டவர் பெயரை நினைவூட்டும் இந்த ஊரின் நடுநாயகம் திரௌபதை அம்மன் கோயில். இந்தியாவில் இருந்து பாரத ஏட்டோடு வந்த தாதன் என்னும் அடியவர் இதைத் தொடக்கினார் என்றும், எதிர்மன்னசிங்கன் என்ற அரசன் அவரை ஆதரித்தான் என்றும் கோயில் மரபு சொல்கிறது. புரட்டாதியை ஒட்டி இங்கே நடக்கும் சடங்கு பதினெட்டு நாள். பாரதப் போரும் பதினெட்டு நாள் அல்லவா? அந்த நாட்களில் பாரதம் படிக்கப்படுகிறது. படிப்போடு நின்றுவிடுவதில்லை, ஊரே அந்தக் கதைக்குள் இறங்கிவிடுகிறது. கலியாணக்கால் வெட்டுகிறார்கள். பாண்டவரும் பாஞ்சாலியும் வனவாசம் போகிறார்கள். அருச்சுனன் பாசுபதம் வேண்டித் தவநிலைக்குப் போகிறான். கடைசியில் தீமிதிப்பு.

வனவாசம் போகும் நாளைத்தான் நான் மறக்கமாட்டேன். அரசனாக நடந்து வருபவர் நேற்றுவரை நாம் சந்தையில் பார்த்த மனிதர். நோன்பிருந்து, காப்புக் கட்டி, அன்று தருமராக வருகிறார். நாடிழந்த அரசனைப் பார்த்துத் தெருவோரத்தில் நிற்பவர்கள் கைகூப்புகிறார்கள். வென்ற அரசனைக் கும்பிடுவது எல்லா நாட்டிலும் உண்டு. தோற்று, வீடிழந்து, மனைவியோடு காட்டுக்கு நடக்கிற அரசனை இவ்வளவு அன்போடு கும்பிடுகிற ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை. 2004 டிசெம்பர் 26இல் இந்தக் கரையை ஆழிப்பேரலை அடித்துப்போனது. வீடிழப்பது என்ன என்று பாண்டிருப்புக்கு எவரும் பாரதத்தைக் கொண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி, வந்த வழியே திரும்பி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போவோம். முன்பு இந்த இடத்தில் பாதையில்தான் கடக்க வேண்டியிருந்தது. பாதை என்றால் இங்கே வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் மிதவை. அறுவடை முடிந்த காலமாக இருந்தால், எங்கோ ஓர் ஊரில் மத்தளம் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் களரிக்கு வந்துவிடலாம்.

மண்ணை உயர்த்தி வட்டமாக அமைத்த களரி. சுற்றிவரச் சனம், பாயும் சாக்கும் விரித்துக்கொண்டு. நடுவில் மத்தளத்தோடு, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார். பக்கத்தில் தாளக்காரர், பிற்பாட்டுக்காரர். மட்டக்களப்புக் கூத்தில் தென்மோடி, வடமோடி என்று இரண்டு வகை. போருக்கும் வீரத்துக்கும் வடமோடிதான். அரசனுக்குத் தலையில் பாரமான கிரீடம், இடுப்பில் விரைத்து விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, காலில் சதங்கை, கையில் மரவாள். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு அவன் துள்ளியும் சுழன்றும் ஆட வேண்டும். பாட்டையும் தானே பாட வேண்டும். இதற்காகச் சட்டம் கொடுத்த, அதாவது யாருக்கு எந்த வேடம் என்று பிரித்துக் கொடுத்த, நாளில் இருந்து மாதக்கணக்கில் இரவில் பழகியிருப்பார்கள், பகலில் வயல் வேலை செய்துகொண்டே.

இன்றைக்குப் பதின்மூன்றாம் போர். பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள், அருச்சுனன் மகன் அபிமன்னன் சாகும் நாள். பாரதக் கணக்கில் இரண்டு பக்கமும் சேர்ந்து பதினெட்டு அக்குரோணி சேனை. ஓர் அக்குரோணியில் தேர் மட்டும் 21,870. இந்தக் களரியில் தேரும் இல்லை, யானையும் இல்லை. இரண்டு பேர் எதிரெதிராக வட்டமிட்டு ஆடுகிறார்கள். வில் வில்லோடு முட்டுகிறது, விலகுகிறது. மத்தளம் கடுகுகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த வட்டம் எனக்குச் சக்கரவியூகமாகவே தெரிந்தது. தாயின் வயிற்றில் இருந்தபோதே அந்த வியூகத்துக்குள் நுழையும் வழியைக் கேட்டவன் அபிமன்னன். வெளியே வரும் வழியைக் கேட்கவில்லை. பின்னால் வந்த பெரியப்பன்மாரைக் கௌரவர் பக்கத்துச் சயிந்தவன் மறித்துவிடுகிறான். துரோணர், கன்னன், துச்சாதனன் மகன் என்று ஒருவர் பின் ஒருவராக வட்டத்துக்குள் வருகிறார்கள். வில் போகிறது, தேர் போகிறது, வாள் போகிறது. பொடியன் இன்னும் ஆடுகிறான்.

எனக்குப் பக்கத்தில் பாயில் ஒரு பெத்தா இருந்தார். பெத்தா என்றால் இங்கே பாட்டி. அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், உரலை மடியில் வைத்துவிட்டார். அபிமன்னன் விழுந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கதை தெரியாமல் வந்த அழுகை இல்லை. அடுத்த பாட்டு என்ன என்றுகூட அவருக்குத் தெரியும். நேயர்களே, நீண்ட போர் நடந்து ஓய்ந்த மண் இது. இரவில் கூத்தாட முடியாதிருந்த ஆண்டுகள் இந்த ஊர்களுக்கு உண்டு. போன பிள்ளை திரும்பி வராத தாய்மார் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். வென்றவர் பெயரைச் சொல்வதற்காக அவர்கள் பாரதம் பார்க்க வருவதில்லை.

களரியில் விடியவிடிய ஆடும் இந்த வடமோடியைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் சுருக்கி, ‘கர்ணன் போர்’ என்ற பெயரில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். கூத்தைப் பட்டணத்தார் மதித்துப் பார்க்கத் தொடங்கியது அந்த முயற்சியால்தான். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இருந்தாலும், மேடைக் கூத்தைப் பார்த்தவர்கள் ஒருமுறையாவது இங்கே வந்து, விடியும்வரை மண்ணில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

விடிந்துவிட்டது. எழுவான்கரைப் பக்கம் வானம் வெளுக்கிறது. அண்ணாவியார் மத்தளத்தை உறையில் இடுகிறார். சாயம் வியர்வையில் கரைந்த முகத்தோடு அபிமன்னன் களரிக் காலில் சாய்ந்து தேநீர் குடிக்கிறான். சதங்கை அவிழ்த்த இடத்தில் கணுக்கால் சிவந்திருக்கிறது. மாட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று வீட்டுக்கு அவசரப்படுகிறான். பெத்தா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே அவனிடம் போனார். ஒன்றும் சொல்லவில்லை. அவன் தலையை இரண்டு கையாலும் தடவினார், பிறகு வயல் வரப்பில் இறங்கி நடந்தார்.