பூஜ் நகரம் எழுந்த கதையும் நம்ம கையில இருக்கிற பட்டியலும்

(அருப்புக்கோட்டையில் நடந்த நம் தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் நான் பேசியது. வர முடியாத சொந்தங்களுக்காக எழுத்தில் தருகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாப் படிங்க.)

திருச்சுழி, காரியாபட்டி, பந்தல்குடி பக்கமிருந்து ஒரு நாள் வேலையை விட்டுட்டு வந்திருக்கிற அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு ஒரு வணக்கம்.

"நீயும் ஏதாவது பேசு தம்பி"ன்னு அண்ணன் சொல்லிட்டார். நான் சிவில் இன்ஜினியரிங் படிச்சவன். எனக்குத் தெரிஞ்சதைத்தானே பேச முடியும்? அதனால ஒரு ஊர் இடிஞ்சு விழுந்து, திரும்ப எழுந்த கதையைச் சொல்றேன்.

அந்த ஊர் பூஜ். குஜராத்தில் கட்ச் மாவட்டத்தின் தலைநகரம். அதுவும் நம்மள மாதிரி வானம் பார்த்த பூமிதான். நம்ம சீமைக் கருவேலம் அங்கயும் காடா நிக்குது. அதுக்கு அவங்க வச்ச பேரு 'காண்டோ பாவள்', அதாவது பைத்தியக்கார வேலமரம். அதை வெட்டிக் கரி போட்டுப் பிழைக்கிற சனம் அங்கயும் உண்டு. ஊருக்குள்ள ஹமீர்சர்னு ஒரு ஏரி. அது நிறைஞ்சு வழிஞ்சா ஊருக்கே உள்ளூர் விடுமுறை. கண்மாய் மறுகால் பாயுற அன்னைக்கு நம்ம சனத்தோட முகத்தைப் பார்த்திருப்பீங்கல்ல? அதே சந்தோஷம்தான்.

2001 ஜனவரி 26. குடியரசு நாள். காலை 8.46 மணி. 7.7 அளவுள்ள நிலநடுக்கம் கட்ச் மண்ணைப் புரட்டிப் போட்டது. அரசுக் கணக்கிலேயே 13,800 பேருக்கு மேல் இறந்தார்கள். பூஜ், அஞ்சார், பசாவ், ராப்பர் நான்கு ஊர்களும் மண்மேடாயின. அஞ்சாரில் கொடியோடு ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல், குறுகிய தெருவின் கட்டடங்கள் சரிந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் அங்கேயே போய்விட்டார்கள்.

ஏன் இவ்வளவு சாவு? நிலநடுக்கம் நேரடியா ஆளைக் கொல்றது குறைவு. கட்டடம்தான் கொல்லுது. அங்கே பழைய வீடுகள் பெரும்பாலும் ஒழுங்கில்லாத கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டியவை. மேலே கனமான கூரை. சுவரைச் சுவரோடு இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. ஆட்டம் வந்ததும் சுவர் தனியா, கூரை தனியாப் பிரிந்து விழுந்தது. அதே கட்ச்சில், பன்னிப் பகுதியில் பூங்கா என்று சொல்கிற வட்டமான மண் வீடுகள் பல தாக்குப்பிடித்தன. வட்டச் சுவரில் பிரிந்து போக மூலை இல்லை, கூரையும் லேசு.

இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் அகமதாபாத்தில் புது அடுக்குமாடிகளும் விழுந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டுவிட்டு மேலே மாடி மாடியாகக் கட்டியவை. இப்போ நம்ம பஜாரை மனசுல ஓட்டிப் பாருங்க. கீழே ஷட்டர் போட்ட கடை, முன்பக்கம் சுவரே கிடையாது, மேலே ரெண்டு மாடி வீடு. அதே பலவீனம்தான்.

சரி, எப்படி எழுந்தாங்க?

அடுத்த மாசமே, 2001 பிப்ரவரியில், மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தை ஆரம்பித்தார்கள். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தன. (நிலநடுக்கம் வந்தப்போ முதல்வர் கேசுபாய் படேல், அந்த அக்டோபரில் வந்தவர் நரேந்திர மோடி. பெருமை யாருக்குன்னு கமெண்ட்ல சண்டை போட வேண்டாம், விஷயத்தைப் பார்ப்போம்.)

கிராமங்களில் எடுத்த முக்கியமான முடிவு, வீட்டை வீட்டுக்காரரே கட்டட்டும் என்பது. பணம் தவணை தவணையாக வந்தது. பொறியாளர் வந்து பார்த்துச் சான்று தந்தால்தான் அடுத்த தவணை. நம்ம ஊர்ல தொகுப்பு வீட்டுக்குப் பில் போடுற மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அஸ்திவாரத்துக்கு மேல ஒண்ணு, லிண்டல் மட்டத்துல ஒண்ணு, கூரை மட்டத்துல ஒண்ணு என்று வீட்டைச் சுற்றி அறுபடாமல் ஓடும் கான்கிரீட் பெல்ட். மூலைக்கு மூலை நிமிர்ந்து நிற்கும் கம்பி. இவ்வளவுதான் அந்த ரகசியம். சுமார் 2 லட்சம் வீடுகள் புதிதாக எழுந்தன.

பூஜ் நகரத்துக்குள் இது அவ்வளவு லேசாக நடக்கவில்லை. கோட்டைச் சுவருக்குள் இருந்த பழைய ஊர் முழுக்கச் சந்து. ஓடித் தப்பிக்கவும் வழியில்லை, மீட்பு வண்டி உள்ளே வரவும் வழியில்லை. அதனால் தெருவை அகலப்படுத்தணும்னு முடிவு. இடத்துக்கு எங்கே போவது? ஒவ்வொரு மனையிலிருந்தும் கொஞ்சம் எடுத்தார்கள். சின்ன மனைக்குக் கழிவு குறைவு, பெரிய மனைக்கு அதிகம். இந்தத் திட்டம் முடியும் வரை உள்ளே செங்கல் வைக்க அனுமதி கிடையாது. சனம் தகரக் கொட்டகையில் வெயில் காய்ந்தது. பேச்சு, சண்டை, ஆட்சேபணை எல்லாம் முடிந்த பிறகுதான் இன்றைய அகலமான தெருக்கள் வந்தன. தாமதத்துக்குத் திட்டினவங்களும் உண்டு, இன்னொரு ஆட்டம் வந்தா ஓட வழி இருக்குன்னு ஆறுதல் பட்டவங்களும் உண்டு.

இப்போ நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன்.

வீடு கட்ட உதவி யாருக்கு? சொந்த வீடு வச்சிருந்தவருக்கு. வாடகைக்கு இருந்தவருக்கு? இடிந்தது அவர் வீடு இல்லையே! பாத்திரம் போச்சு, பிழைப்பு போச்சு, ஆள் போச்சு. காட்ட ஒரு காகிதம் இல்லை. ஊர் எழுந்து நின்ற பிறகும், வாடகைக் குடும்பங்கள் வருஷக் கணக்கில் தற்காலிகக் கொட்டகையில் கிடந்தன.

இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ஏன்னா நான் வாடகை வீட்டுப் பிள்ளை. எங்க அப்பா தறிக்காரர். தறி நிக்கிறது அடுத்தவர் வீட்டுக்குள்ள. அந்தச் சுவர் விழுந்தா வீட்டுக்காரருக்குக் கணக்கு இருக்கும். குழிக்குள்ள நொறுங்கிப் போற தறி எந்தக் கணக்கில் வரும்? சொந்த வீட்டுக்காரரும் சும்மா இருக்க முடியாது. எங்க அப்பத்தா வீட்டுப் பட்டா இன்னும் செத்துப்போன பூட்டன் பேர்லதான் கிடக்கு. இங்க உட்கார்ந்திருக்கிற எத்தனை பேர் வீட்டில் இதே கதை? கையைத் தூக்கச் சொல்லலை, மனசுக்குள்ள தூக்கிக்கோங்க.

தொழில் பற்றி ஒரு செய்தி. கட்ச்சில் தமட்கா என்று ஒரு கிராமம். அஜ்ரக் துணிக்கு அச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிறவர்கள் ஊர். நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே தண்ணீர் கெட்டுப்போனது. இரும்பு கூடிய தண்ணீரில் சாயம் சரியாகப் பிடிக்காது. அவர்களில் பல குடும்பங்கள் சேர்ந்து, தண்ணீர் பார்த்து நிலம் வாங்கி, அஜ்ரக்பூர் என்று புது ஊரே அமைத்தார்கள். தறியும் சாயமும் தெரிஞ்ச ஊர்க்காரங்க நாம. வீடு மட்டும் திரும்பி வந்தாப் போதாது, தொழில் திரும்பி வந்தாத்தான் ஊர் திரும்பும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"தம்பி, நம்ம பக்கம் நிலநடுக்கம் ஏது?"ன்னு கேப்பீங்க. கட்ச் அளவு ஆபத்து நமக்கு இல்லைதான். ஆனா நம்ம கரிசல் மண் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். வருஷா வருஷம் வீட்டை மெதுவா ஆட்டிக்கிட்டே இருக்கு. சுவத்துல ஓடுற விரிசலைப் போய்ப் பாருங்க. 2023 டிசம்பர் வெள்ளம் தூத்துக்குடி, திருநெல்வேலியை என்ன பண்ணுச்சுன்னும் பார்த்தோம். அப்போ 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கார்டை வச்சுத்தான் வந்தது. நம்ம மாநிலமே நல்ல வழியும் காட்டியிருக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளைக் கணவன், மனைவி ரெண்டு பேர் பேரிலும் எழுதிக் கொடுக்க முடிவு பண்ணாங்க. காகிதத்தில் பேர் இருந்தா அதுதான் பலம்.

அதனால மூணு வேலை கேக்கிறேன்.

ஒண்ணு, தேர்தல் வந்தா பாகம் பாகமா வாக்காளர் பட்டியலைக் கரைச்சுக் குடிக்கிறோம். அதே உழைப்பில், நம்ம தெருவில் வாடகைக் குடும்பம் எது, பட்டா மாறாத வீடு எது, ரேஷன் கார்டில் பழைய முகவரி யாருக்குன்னு தெரிஞ்சு வச்சு, இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நமக்கு ஓட்டுப் போடாத வீட்டையும் சேர்த்துத்தான். ஆதார் எண்ணை மட்டும் தயவுசெஞ்சு வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க.

ரெண்டு, தெருவில் யார் வீடு கட்டினாலும் கொத்தனார்கிட்ட "லிண்டல் பெல்ட் சுத்தி ஓடுதா அண்ணே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. சந்தேகம்னா என்னைக் கூப்பிடுங்க, காசு வேண்டாம்.

மூணு, பள்ளிக்கூடக் கட்டடத்துல விரிசல் தெரிஞ்சா போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறதோட நிறுத்தாதீங்க. மனுவா எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்க. அஞ்சார் பிள்ளைகளை நினைச்சுக்கோங்க.

பூஜில் இப்போ புஜியா மலை மேல ஸ்மிருதிவன்னு ஒரு நினைவிடம் இருக்கு. 2022-ல் திறந்தார்கள். அந்த மலையில் மழைத் தண்ணியைத் தேக்கத் தடுப்பணைகள் கட்டி, இறந்தவங்க பேரை அங்கே பொறிச்சு வச்சிருக்காங்க. காஞ்ச ஊர்க்காரனுக்குத்தான் அப்படித் தோணும், செத்தவங்க பேர்ல தண்ணி நிக்கணும்னு.

அவங்க பேரை எழுதினது ஊர் விழுந்த பிறகு. நம்ம சனத்தோட பேரை நாம இப்பவே எழுதி வைப்போம்.

(உங்க தெருவில் இந்த வேலையை எடுத்துச் செய்யத் தயாரா? "நான் தயார்"னு ஊர் பேரோட கமெண்ட் பண்ணுங்க.)

#அருப்புக்கோட்டை #திருச்சுழி #பட்டியலில்_பேர்_இருக்கா